மின்னல் அழைப்பிலிருந்து சேவைத்தரக் கொள்கை வரை: தகவல்தொடர்பில் முன்னுரிமையின் வரலாறு

ஒரே கம்பியில் பலருடைய செய்திகள் செல்ல வேண்டியிருக்கும்போது யாருடையது முந்திச் செல்லும், யாருடையது காத்திருக்கும், எது கைவிடப்படும் என்று முடிவுசெய்யும் விதிகளின் தொகுப்பே இன்றைய கணினிப் பிணையங்களில் சேவைத்தரக் கொள்கை எனப்படுகிறது. அலுவலகத்தில் கணினிகளையும் தொலைபேசிகளையும் கேமராக்களையும் இணைக்கும் சுவிட்ச் என்ற கருவிக்குள் சில வரிக் கட்டளைகளாக இது எழுதப்படுகிறது. தொழில்நுட்பம் புதியது, கேள்வி பழையது. தந்தி அலுவலகத்திலும் ட்ரங்க் தொலைபேசி நிலையத்திலும் இதே கேள்விக்கு விடை தேடப்பட்டது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் போன்று, சரக்கு ஓரிடத்திலும் அதை வாங்குவோர் வெகுதொலைவிலும் இருந்த வணிக ஊர்களில் அந்த விடைக்குப் பணமதிப்பும் இருந்தது.

தொலைவும் வணிகமும்

விருதுபட்டி என்ற ஊர் 1923-இல் விருதுநகர் ஆனது. மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய், பருத்தி ஆகியவற்றின் பெருஞ்சந்தையாக அது வளர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் விளையாத சரக்குக்கும் விருதுநகரில் விலை நிர்ணயம் ஆகும் என்று சொல்வது வழக்கம். நாளிதழ்களில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' தனிப் பகுதியாக வந்ததும் இதனால்தான். விலையைப் பிறருக்கு முன்பே அறிந்தவருக்கு லாபம் என்ற வணிகத்தில் செய்தியின் வேகமும் ஒரு சரக்குதான்.

சிவகாசியின் கதை சற்று வேறானது. பி. அய்யநாடாரும் ஏ. சண்முகநாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பி ஆலை தொடங்கினர். தீப்பெட்டியை ஒட்டி அச்சுத்தொழிலும், பின்னர் பட்டாசும் வளர்ந்தன. மழை குறைந்த வறண்ட வானிலை மூன்றுக்கும் ஏற்றதாக இருந்தது. ஆனால் வாங்குவோரில் பெரும்பகுதியினர் வடக்கே இருந்தனர். பட்டாசுக்கு ஆண்டில் ஒரே பண்டிகைதான் பெரும் விற்பனைக் காலம். ஆவணி, புரட்டாசியில் வரும் ஆர்டரும், லாரி புறப்பட்ட தகவலும், பணம் வந்து சேர்ந்த செய்தியும் சில வாரங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். தகவல்தொடர்புப் பொறியியல் 'உச்சநேரச் சுமை' என்று அழைப்பது இங்கே தீபாவளியை ஒட்டிய நாட்கள்.

தந்தி: சாதாரணமும் விரைவும்

இந்தியாவில் வில்லியம் ஓஷானசி கல்கத்தாவிலிருந்து டைமண்ட் துறைமுகம் வரை போட்ட சோதனைக் கம்பியுடன் 1850-51-இல் தந்தி தொடங்கியது. 1855-இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் கம்பிகளின் மீதான உரிமையை அரசிடம் வைத்தது. பொது நெருக்கடியின்போது தந்தி அமைப்பைத் தன் பொறுப்பில் எடுக்கவும் செய்திகளைத் தடுக்கவும் அது அரசுக்கு அதிகாரம் அளித்தது.

தந்தி ஊழியரின் மேசையில் படிவங்கள் வந்த வரிசைப்படி அனுப்பப்படவில்லை. அரசுத் தந்திகளுக்குத் தனி முன்னுரிமை இருந்தது. பொதுமக்களின் தந்திகள் சாதாரணம், விரைவு என இரு வகைப்பட்டன. விரைவுத் தந்திக்குக் கட்டணம் இருமடங்கு. மரணச் செய்தி தாங்கியவை முந்திச் சென்றன. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்ததால் மக்கள் செய்தியைச் சுருக்கினார்கள். அதுவும் ஒரு வகை நெரிசல் கட்டுப்பாடுதான். வாழ்த்துத் தந்திகளில் இந்தச் சுருக்கம் உச்சத்துக்குப் போனது. நிலையான வாழ்த்துகளுக்கு எண் கொடுத்து, கம்பியில் எண்ணை மட்டும் அனுப்பி, மறுமுனையில் முழு வாசகத்தை எழுதிக் கொடுத்தனர். அந்தப் பட்டியலில் முதல் எண் தீபாவளி வாழ்த்துக்கு உரியது. இந்தியத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது.

ட்ரங்க் அழைப்பு: மூன்று வகுப்புகள்

சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் 1882 ஜனவரியில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. ஊருக்குள் பேசுவது எளிதாக இருந்தது. ஊர்விட்டு ஊர் பேசுவதுதான் கடினம். இரண்டு நகரங்களுக்கு இடையே இருந்தவை சில தடங்கள் மட்டுமே. ஒருவர் பேசும்வரை அந்தத் தடம் முழுவதும் அவருக்கே உரியது. எனவே ட்ரங்க் நிலையத்தை அழைத்து, ஊரையும் எண்ணையும் சொல்லிப் பதிவுசெய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர் அதைச் சீட்டில் எழுதி நேரம் குறித்து வரிசையில் வைப்பார். சிற்றூரிலிருந்து புறப்படும் அழைப்பை இடையில் உள்ள பெரிய நிலையங்களின் ஆபரேட்டர்கள் ஒவ்வொருவராகக் கம்பிகளைச் செருகி இணைத்தனர். தடம் கிடைக்கச் சில மணி நேரம் ஆவது சாதாரணம். 'ட்ரங்க் கால் புக் பண்ணியிருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுக் கடை வாசலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருப்பது ஒரு தலைமுறை வணிகர்களின் அன்றாடம்.

இந்த வரிசைக்குள் மூன்று வகுப்புகள் இருந்தன: ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். அர்ஜென்டுக்குச் சாதாரணக் கட்டணத்தைப்போல் இருமடங்கு, லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. மூன்று நிமிடம் ஓர் அலகு. அது முடியும்போது ஆபரேட்டர் குறுக்கிட்டு நேரத்தைச் சொல்வார். இடிமின்னல் காலத்தில் வெடிமருந்து அறைகளை மூடிவைக்க வேண்டும் என்று விதி உள்ள பட்டாசு வட்டாரத்தில், தாமதம் தாங்காத அவசரத்துக்கு 'மின்னல்' என்று பெயர் அமைந்தது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வகுப்புகளைக் கூட்டுவதால் தடங்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஒருவர் முந்தினால் மற்றொருவர் பிந்துகிறார். வரிசையில் உள்ள அனைவரும் அர்ஜென்ட் என்று பதிவுசெய்தால் அர்ஜென்ட் என்பது அதிகக் கட்டணம் கொண்ட ஆர்டினரியாகிவிடும். அது நிகழாமல் காத்தது கட்டணம் ஒன்றே. அந்தக் கட்டணம் அவசரத்தை அளக்கவில்லை. அவசரத்துக்குப் பணம் தரும் ஆற்றலை அளந்தது. விபத்துச் செய்தி சொல்ல வேண்டிய தொழிலாளியின் சாதாரண அழைப்பு, விலை விசாரிக்கும் முதலாளியின் மின்னல் அழைப்புக்குப் பின்னால் நிற்கலாம். தந்தி முறை மரணச் செய்திக்கு இடம் ஒதுக்கியதோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு சிறியதல்ல.

1960 நவம்பரில் லக்னோ, கான்பூர் நகரங்களுக்கிடையே எஸ்.டி.டி. தொடங்கியது. அது படிப்படியாகப் பரவியபோது ஆபரேட்டரின் வரிசையும், அதனுடன் வகுப்புகளும் மறைந்தன. இனித் தடம் இருந்தால் இணைப்பு, இல்லையேல் 'எல்லாத் தடங்களும் உபயோகத்தில் உள்ளன' என்ற பதிவுக் குரல். முன்னுரிமையின் இடத்தை நேரம் எடுத்துக்கொண்டது. பகலில் முழுக் கட்டணம், இரவில் பாதி, இன்னும் பிந்தினால் கால்வாசி. 1980-களிலும் 90-களிலும் இரவு 11 மணிக்கு எஸ்.டி.டி. பூத் வாசலில் நின்ற கூட்டம், அவசரமில்லாத பேச்சைத் தடம் காலியாக உள்ள நேரத்துக்குத் தள்ளும் திட்டத்தின் விளைவுதான். இன்றைய பொறியாளர்கள் இதைப் போக்குவரத்தைச் சீராக்குதல் என்பார்கள்.

பொட்டலங்களின் காலம்

இணையம் தடத்தை ஒருவருக்கே ஒதுக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. செய்தி சிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டு, பிறருடைய பொட்டலங்களோடு கலந்து ஒரே கம்பியில் செல்கிறது. 1981 செப்டம்பரில் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 791, ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் மூன்று பிட் அளவுக்கு முன்னுரிமைக் குறி வைக்க இடம் விட்டது. மூன்று பிட் என்றால் எட்டு நிலைகள். ரொட்டீன், பிரயாரிட்டி, இம்மீடியட், ஃப்ளாஷ், ஃப்ளாஷ் ஓவர்ரைடு என்று தொடங்கும் அந்தப் பெயர்கள் அமெரிக்க ராணுவச் செய்தி மரபிலிருந்து வந்தவை. அந்த ராணுவத்தின் ஆட்டோவான் தொலைபேசி அமைப்பில் இதே முன்னுரிமைகளுக்குத் தனிப் பொத்தான்களே இருந்தன. மேல்நிலை அழைப்பு கீழ்நிலை அழைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே நுழையும்.

குறிக்க இடம் இருந்தும் நெடுங்காலம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில், சுமார் 400 கெஜத் தொலைவில், இணைப்பின் வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலால் தொலைந்த பொட்டலங்களைக் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை மேலும் பெருக்கியிருந்தன. வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட திருத்தங்கள் அனுப்பும் கணினியைத் தானாகவே தணியச் செய்தன. ஜான் நேகல் அதற்குமுன் 1985-லேயே வேறொரு திசையைக் காட்டியிருந்தார்: ஒவ்வொரு மூலத்துக்கும் தனி வரிசை வைத்துச் சுற்றுமுறையில் ஒவ்வொன்றாக எடுத்தால், அளவுக்கு மீறி அனுப்புபவர் தன் வரிசையைத்தான் நீட்டிக்கொள்வார், பிறர் பாதிக்கப்பட மாட்டார்கள்.

1987-ஐ ஒட்டி அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். பிணையம் 56 கிலோபிட் கம்பிகளில் திணறியபோது, தட்டச்சு செய்துகொண்டே பயன்படுத்தும் தொடர்புகளுக்குக் கோப்புப் பரிமாற்றத்தைவிட முன்னுரிமை தரப்பட்டது. பயனர்களிடம் இது அறிவிக்கப்படவில்லை. தெரிந்தால் எல்லாரும் தம் பொட்டலங்களில் அதே குறியை இட்டுக்கொள்வார்கள் என்பதே அச்சம். எல்லாரும் அர்ஜென்ட் போடும் பழைய சிக்கல் இங்கே கட்டணம் இல்லாமல் திரும்பி வந்தது.

1998 இறுதியில் ஆர்.எஃப்.சி. 2474, 2475 ஆகிய ஆவணங்கள் பழைய குறியை ஆறு பிட் கொண்ட டி.எஸ்.சி.பி. எண்ணாக மாற்றின, 0 முதல் 63 வரை எண் இடலாம். அதே காலத்தில் ஈதர்நெட் சட்டத்திலும் 802.1பி என்ற பெயரில் மூன்று பிட் முன்னுரிமை சேர்ந்தது. குரலுக்கு 46 என்ற எண் வழக்கமானது. இந்த இரண்டு குறிகளையும் படித்து நடக்கும் ஆற்றல் சுவிட்சுகளுக்குள் வந்ததோடு, ட்ரங்க் ஆபரேட்டரின் வேலை அலுவலகச் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் புகுந்தது.

சுவிட்சுக்குள் நடப்பது

சிவகாசியில் உள்ளதைப் போன்ற ஓர் அச்சகத்தைக் கற்பனை செய்துகொண்டால் இது எளிதில் விளங்கும். காலண்டர் வடிவமைப்புக் கோப்பு ஒன்று 400 மெகாபைட். இணைய இணைப்பு நொடிக்கு 10 மெகாபிட். ஒரு கோப்பை அனுப்ப 5 நிமிடத்துக்குமேல் ஆகும். அதே இணைப்பில்தான் அலுவலகத் தொலைபேசிகளும் இயங்குகின்றன. அமுக்கப்படாத ஒரு குரல் அழைப்புக்கு ஈதர்நெட்டில் ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட் போதும். 20 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1.75 மெகாபிட்தான். கணக்குப்படி இடம் தாராளம். இருந்தும் கோப்பு போகும்போது பேச்சு துண்டுதுண்டாகிறது.

காரணம் வரிசை. வெளியே செல்லும் வாயிலில் 1,500 பைட் கொண்ட பொட்டலங்கள் 500 காத்திருந்தால், அவற்றை 10 மெகாபிட் கம்பியில் அனுப்பி முடிக்க 0.6 நொடி ஆகும். பின்னால் வந்த குரல் பொட்டலம் அவ்வளவு நேரமும் நிற்கிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கோப்பு அரை நொடி பிந்தினால் ஒருவரும் கவனிக்கமாட்டார். குரல் பிந்தினால் இருவரும் ஒரே நேரத்தில் 'ஹலோ' சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கான கட்டளைகள் பெரும்பாலான சுவிட்சுகளில் மூன்று படிகளாக இருக்கும். முதலாவது வகைப்படுத்தல்: எந்தப் பொட்டலம் குரல், எது கோப்பு, எது கேமராப் படம் என்று முகவரி, வாயில் எண் அல்லது ஏற்கெனவே உள்ள குறியைக் கொண்டு பிரிப்பது. சிஸ்கோ மரபில் இதற்குக் கிளாஸ் மேப் என்று பெயர். இரண்டாவது, பிரித்த ஒவ்வொரு வகைக்கும் என்ன செய்வது என்று எழுதும் பாலிசி மேப். மூன்றாவது, அந்தக் கொள்கையை ஒரு குறிப்பிட்ட வாயிலில் கட்டுவது. கட்ட மறந்தால் முதல் இரண்டும் காகிதத்தில் எழுதிய சட்டம்போலக் கிடக்கும்.

யாருடைய குறியை நம்புவது என்பதுதான் இதில் மிகவும் கடினமான முடிவு. மேசைமீது இருக்கும் தொலைபேசி தன் பொட்டலத்தில் 46 என்று எழுதுகிறது. அதே எண்ணை ஒரு கணினியும் தன் கோப்புகளில் எழுதிக்கொள்ள முடியும். எனவே தொலைபேசி உள்ள வாயிலின் குறியை ஏற்று, கணினியிலிருந்து வரும் குறிகளை அழித்து, சுவிட்சே புதிதாக இடுவது நல்ல வழக்கம். கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750 வகைச் சுவிட்சுகளில் சேவைத்தரத்தை இயக்கிய உடனே எல்லா வாயில்களும் நம்பத்தகாதவை ஆகி, வரும் குறிகள் பூச்சியமாக்கப்படும். குரலைச் சீராக்க எண்ணி அந்த ஒரு கட்டளையை மட்டும் இட்டவர்கள் குரலை முன்னைவிட மோசமாக்கிய கதை இத்துறையில் பரவலானது. பின்னர் வந்த 3850 வகையில் இயல்புநிலை தலைகீழாக, நம்பும் பக்கம் மாற்றப்பட்டது.

வகைப்படுத்திய பின் அளவு கட்டும் வேலை. இதற்கு டோக்கன் வாளி என்ற முறை பயன்படுகிறது. ரேஷன் கடையில் மணிக்கு இத்தனை டோக்கன் என்று கொடுப்பதுபோல், வாளியில் சீரான வேகத்தில் டோக்கன் விழுந்துகொண்டிருக்கும். பொட்டலம் செல்ல அதன் அளவுக்கு ஏற்ற டோக்கன் வேண்டும். வாளி நிறைந்தபின் விழுபவை வீணாகும். எனவே வாளியின் கொள்ளளவுதான் ஒரே மூச்சில் எவ்வளவு பாயலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. டோக்கன் இல்லாத பொட்டலத்தைத் தூக்கியெறிந்தால் அது கட்டுப்படுத்தல். டோக்கன் வரும்வரை நிறுத்திவைத்தால் அது சீராக்கல். வாளியை மிகச் சிறிதாக வைப்பது அடிக்கடி நேரும் தவறு. 10 மெகாபிட் என்று எழுதியிருந்தும் கோப்பு அதில் பாதி வேகத்தில்கூடப் போகாது, ஏனெனில் பொட்டலம் தொலையும் ஒவ்வொரு முறையும் அனுப்பும் கணினி தன் வேகத்தை வெட்டிக்கொள்ளும்.

கடைசியில் வெளியேறும் வரிசைகள். ஒரு வாயிலுக்கு நான்கு அல்லது எட்டு வரிசைகள் இருக்கும். குரலின் வரிசையில் ஏதாவது இருந்தால் அதையே முதலில் எடு என்பது கண்டிப்பான முன்னுரிமை. இது லைட்னிங் அழைப்புக்கு நிகரானது. ஆபத்தும் அதேபோன்றது: அந்த வரிசை ஓயாமல் நிரம்பினால் மற்றவை பட்டினி கிடக்கும். ஆகவே கண்டிப்பான வரிசைக்கு ஒரு வரம்பு வைப்பார்கள். மேலே சொன்ன அச்சகத்தில் 2 மெகாபிட் போதும். எஞ்சியவை தத்தம் எடைக்கு ஏற்பச் சுற்றுமுறையில் பங்கு பெறும்.

பலரும் தடுமாறும் இடம் வேறொன்று. சுவிட்சின் வாயில் நொடிக்கு 1,000 மெகாபிட் வேகம் கொண்டது. அதற்கு அப்பால் உள்ள இணைய இணைப்போ 10 மெகாபிட். சுவிட்சின் பார்வையில் நெரிசலே இல்லை. வரிசை சேர்வது இணையச் சேவையாளரின் பெட்டியில். அங்கே எழுதிய விதி எதுவும் செல்லாது. அதனால் வெளியேறும் வேகத்தை வேண்டுமென்றே 9.5 மெகாபிட் அளவுக்குக் குறைத்து, வரிசையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வார்கள். வேகத்தைக் குறைத்தால் பேச்சு தெளிவாகிறது என்பதை உரிமையாளரிடம் விளக்குவது, கட்டளைகளை எழுதுவதைவிடக் கடினமான வேலை.

தேனியில் ஒரு முயற்சி

விருதுநகருக்கு அருகிலேயே இந்தக் கேள்விகள் ஆராய்ச்சி அளவில் எழுந்த இடம் தேனி. 2000-களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையைச் சுற்றுவட்டாரக் கண் சிகிச்சை மையங்களோடு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று தொலைதூர வைஃபை மூலம் இணைத்தது. கிராமத்து நோயாளி மையத்தில் அமர்ந்தபடியே காணொளியில் மருத்துவரிடம் பேசினார். அறைக்குள் பயன்படுவதற்காக உருவான வைஃபை பல கிலோமீட்டர் தொலைவில் பொட்டலங்களைத் தொலைத்தது. 2007-இல் வெளியான வைல்டுநெட் என்ற அவர்களின் வடிவமைப்பு, இரு முனைகளும் நேரம் பிரித்துப் பேசும்படி நெறிமுறையை மாற்றியது. தொலைந்ததை மறுபடி அனுப்பித் தாமதத்தை ஏற்பதா, அல்லது கூடுதல் பொட்டலங்களை முன்கூட்டியே சேர்த்து அலைவரிசையைச் செலவிடுவதா என்பதைப் பயன்பாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. காணொளிக்கு ஒன்று, கோப்புக்கு மற்றொன்று. நடைமுறையில் பெருந்தொல்லை கொடுத்தது நெறிமுறை அல்ல, ஏறியிறங்கிக் கருவிகளைக் கெடுத்த ஊரக மின்சாரம் என்பதையும் அந்தக் குழுவினர் அடுத்த ஆண்டு எழுதினர்.

சொந்தப் பெட்டியும் பொதுச்சாலையும்

அலுவலகச் சுவிட்சில் உரிமையாளர் எதற்கும் முன்னுரிமை தரலாம். அந்தக் குறிகள் பொது இணையத்தின் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலும் அழிக்கப்படும் அல்லது மதிக்கப்படாது. கிளைகளுக்கிடையே உறுதி வேண்டுவோர் தனி வாடகைத் தடமோ எம்.பி.எல்.எஸ். சேவையோ பெறுகின்றனர்.

பொது இணையத்திலும் பணம் கொடுத்து முந்தலாமா? எட்டு மடங்குக் கட்டணத்துடன் அரசே லைட்னிங் அழைப்பை விற்ற நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறு விடை கிடைத்தது. உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தில் வேறுபாடு காட்டுவதை டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று தடைசெய்தது. உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தடுப்பதும், வேகத்தைக் குறைப்பதும், சிலவற்றை முந்தவிடுவதும் கூடாது என்ற அதன் பரிந்துரைகளை 2018 ஜூலையில் அரசு ஏற்றது. நியாயமான போக்குவரத்து மேலாண்மைக்கும் சில சிறப்புச் சேவைகளுக்கும் விலக்கு உண்டு. தொலைபேசிக் காலத்தின் தடப் பஞ்சத்தில் விற்கக்கூடியதாக இருந்த வரிசை, இணையக் காலத்தில் பொதுச்சாலையின் விதியானது. தடை செய்யப்பட்டது முன்னுரிமை அல்ல, அதன் விற்பனைதான் என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

நெருக்கடி நேரம்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவவும் பார்க்கவும் வந்து கூடியவர்களும் அவர்களில் இருந்தனர். இத்தகைய விபத்துகளில் முதல் சில நிமிடங்களில் அழைப்புகள் எல்லாத் திசைகளிலிருந்தும் குவியும். உறவினரைத் தேடுவோர், செய்தியாளர், தீயணைப்பு நிலையம், தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் இயங்கும் 108 ஆம்புலன்ஸ் ஆகிய எல்லோருக்கும் அந்தப் பகுதியின் கோபுரங்களில் உள்ள அதே தடங்கள்தான்.

கைபேசித் தரநிலைகள் இதற்கு ஒரு வழி வைத்துள்ளன. சிம் அட்டை ஒவ்வொன்றிலும் ஓர் அணுகல் வகுப்பு எண் பதிந்திருக்கும். சாதாரணச் சந்தாதாரர்களுக்கு 0 முதல் 9 வரை ஏதேனும் ஒன்று. 12 பாதுகாப்புப் படையினருக்கும், 13 குடிநீர், மின்சாரம் போன்ற பொதுப்பணிகளுக்கும், 14 அவசர சேவைகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. கோபுரம் நெரிசலில் மூச்சுத் திணறும்போது 0 முதல் 9 வரையிலான வகுப்புகளில் சிலவற்றைச் சற்று நேரம் நிறுத்திவைத்து மற்றவர்களுக்கு இடம் தரலாம். அவசர எண்ணை அழைப்பதை அனுமதிக்க 10 என்ற தனிக் குறி உண்டு. அது சந்தாதாரருக்கு அல்ல, அழைப்புக்கு உரியது. நான்காம் தலைமுறைப் பிணையங்களில் குரலுக்கு 1 என்றும் சாதாரண இணையத்துக்கு 9 என்றும் தர எண்கள் வந்தன. மீட்புப் பணியாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் குரலுக்கென 65 என்ற எண் பின்னர் சேர்க்கப்பட்டது.